மாலையைத் தின்ற குட்டி

நாட்டு மட்டக்குதிரைக் கண்காட்சிக்கு அன்று இரண்டே குதிரைகள்தான் வந்து நின்றன, குட்டியோடு வந்த செவலையும் இளையவள் வெள்ளச்சியும். மூன்றாவதாக வர வேண்டிய சாம்பலிக்கு வழியிலேயே கால் பிசகிவிட்டது.

“மூணு குதிரையாவது இல்லேன்னா போட்டியே கிடையாதாம் அக்கா. அடுத்த வருஷம் நம்ம இனத்தையே கூப்பிட மாட்டாங்களாம்,” என்றாள் வெள்ளச்சி.

செவலை தன்னை ஒட்டி நின்ற குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கூச்சத்தோடு மெல்லக் கேட்டாள், “என் பையன் இருக்கானே?”

“யாரு, இந்தப் பால்குடியா? நடந்தாலே காலு பின்னுது!”

“பின்னட்டும்டி. அவனும் குதிரைதானே?”

நடுவர் சிரித்துக்கொண்டே குட்டியையும் சேர்த்து எண்ணினார். போட்டி நடந்தது. வெள்ளச்சி முதலாவதாக வந்தாள், செவலை இரண்டாவது. குட்டியோ பாதிச் சுற்றிலேயே அம்மா மடியை முட்டப் போய்க் கடைசியானான்.

வெள்ளச்சி கழுத்தில் செவ்வந்தி மாலை விழுந்தது. அவள் தலையை நிமிர்த்துவதற்குள் குட்டி ஓடிப்போய் அதைக் கடித்து மென்றான்.

“ஐயோ, துப்புடா!” செவலைக்கு முகமே சுருங்கிப்போயிற்று.

“தின்னட்டும் விடுக்கா. பாதி அவனோடதுதானே,” என்ற வெள்ளச்சி, அவன் வாய்க்கு எட்டும்படி கழுத்தை இன்னும் தாழ்த்திக் கொடுத்தாள்.