ஒன்பது மணி உத்தரவு

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் தினமும் குலுக்கலில்தான் மேயர். அன்று, நாள்தோறும் விடியுமுன்னே தெருக்கூட்டப் போகும் ஜெபசெல்விக்குச் சீட்டு விழுந்தது. சிவப்பு அங்கி அவள் உயரத்துக்குத் தரையில் புரண்டது.

"ஒரே ஒரு உத்தரவு போடலாம்மா. நாளைக்கு மட்டும்தான் செல்லும்," என்றார் செயலர். "முந்தாநாள் மேயர் பாலத்துக்குத் தன் பேரை வச்சுக்கிட்டார்."

"தெருக்கூட்டுற பொம்பளைங்க எல்லாரும் நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்தாப் போதும்னு எழுதுங்க சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் இட்டிலியை இறக்கி வைத்துவிட்டுச் சீப்போடு வந்தாள். மகள் ரோஸ்லினோ தானே இரட்டைச் சடை பின்னி, ரிப்பனும் கட்டி முடித்திருந்தாள். அம்மா இந்த வேலைக்குப் போனதிலிருந்து நாலு வருஷப் பழக்கம்.

ஜெபசெல்வி சீப்பை முந்தானைக்குள் மறைத்தாள். மகள் அதைப் பார்த்துவிட்டாள். ரிப்பனை உருவி, சடையைக் கலைத்துவிட்டு, அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.