இரண்டு முள், ஒரு சுருள்

ஹீட்டர் சுருளைக் கவனித்துக்கொள்ளத்தான் வோல்ட்மீட்டரையும் அம்மீட்டரையும் பலகையில் மாட்டியிருந்தார்கள்.

ஒருநாள் மின்சாரம் ஏறியது.

"அண்ணே, தாங்க முடியல" என்று கத்தியது சுருள்.

"இருநூத்தம்பது வோல்ட். முந்நூறு வரைக்கும் எனக்குக் கோடு இருக்கு. என் பக்கம் தப்பில்ல தம்பி" என்றது வோல்ட்மீட்டர்.

"அஞ்சு ஆம்பியர். எனக்குப் பத்து வரைக்கும் இருக்கு" என்றது அம்மீட்டர்.

"ரெண்டையும் பெருக்கிப் பாருங்கண்ணே! ஆயிரத்து இருநூத்தம்பது வாட் வருது. நான் தாங்குறது ஆயிரம்தான்!"

"பெருக்கிப் பாக்குறது எங்க வேலையில்ல" என்றன இரண்டும். அதில் மட்டும் அவற்றுக்குள் அப்படியொரு ஒற்றுமை.

சுருள் சிவந்தது, வெளுத்தது, அறுந்து விழுந்தது.

"இப்பவும் அதே இருநூத்தம்பதுதான்" என்றது வோல்ட்மீட்டர்.

அம்மீட்டரின் முள் பூஜ்யத்தில் போய்ச் சாய்ந்துகொண்டது.

"அப்பாடா, இப்பதான் நிம்மதி."