ஒரே ஃபோல்டரில் நூற்று நாற்பது

"எந்த மகராசன் எழுதுனாரோ, எல்லாத்தையும் ஒரே சாக்குல அள்ளிப் போட்டிருக்காரு பாருங்கக்கா" என்று சிரித்தான் ஜெய்சன்.

முத்துராணிக்குக் காது சூடானது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றின் டோக்கன் போடும் வெப்சைட் அது. அதன் புரோகிராம் துண்டுகளான ஜாவா கிளாஸ்கள் நூற்று நாற்பதும் சர்வரில் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. அவற்றை இனம் பிரித்து, பேக்கேஜ் என்னும் தனித்தனிப் பிரிவுகளில் வைக்க வேண்டும். சைட் மறுபடி ஓடினால் ஜெய்சனின் கம்பெனியில் அவளுக்கு வேலை. பரீட்சைக்கென்று தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருந்தான்.

பதினோரு வருடம் வீட்டில் இருந்தவள் என்று நான்கு கம்பெனிகள் டீ கொடுத்து அனுப்பிவிட்டன. இதுவும் போனால் இனி யாரிடமும் கேட்பதில்லை என்று விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

டாக்டர், நோயாளி, டோக்கன், லேப் என நான்கு பேக்கேஜ். ஒவ்வொரு கிளாஸின் தலையிலும் பேக்கேஜின் பெயரை ஒரு வரி எழுதி, அதே பெயருள்ள ஃபோல்டருக்கு நகர்த்தினாள். கை எங்கேயும் தயங்கவில்லை.

சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினாள். கிளாஸைக் காணவில்லை என்றது.

சர்வரின் அமைப்புக் கோப்பை வரி வரியாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் மாற்றியதில் ஒரே ஒரு கிளாஸின் பெயர் மட்டும் விடுபட்டு, பழையபடி மொட்டையாக இருந்தது. பேக்கேஜ் பெயரை முன்னால் சேர்த்தாள்.

பக்கம் திறந்தது. ஒரு டோக்கன் போட்டாள், விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

"நாளைக்கே வந்துருங்கக்கா" என்ற ஜெய்சன், பட்டியலில் ஓரிடத்தில் விரலை வைத்தான். 'ஆடி அமாவாசை' என்று ஒரு கிளாஸ். "இது என்னன்னே எங்களுக்குப் புரியல. நீங்க வாசிச்சுக்கூடப் பாக்காம டோக்கன்ல கொண்டு வச்சிட்டீயளே, எப்படி?"

அன்றைக்குக் கோயில் கூட்டத்தில் பாபநாசம் ரோடு நகராது. மேற்கேயிருந்து வருகிறவர்களின் டோக்கனை மதியம் வரை ரத்து செய்யாமல் வைத்திருக்கும் கிளாஸ் அது. அந்தப் பக்கத்துக்காரிக்குத் தெரியாதா என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வேலைதான் கைக்கு வந்துவிட்டதே. ஆனால் அவளுக்கு மனம் வரவில்லை.

"எழுதுன மகராசி நாந்தான் தம்பி. திங்கக்கெழம வந்து பிரிச்சு வச்சிரலாம்னு போனேன். ஞாயித்துக்கெழம பிள்ள பொறந்துட்டு."