இல்லாத நோயாளி

அவசர சிகிச்சை மருத்துவர்களுக்குச் சான்றிதழ் தரும் வாரியம், சிகாகோவில் ஓர் ஓட்டலின் அறைகளில் வாய்மொழித் தேர்வு நடத்தியது. லாப நோக்கமில்லாத வாரியம். கர்வத்தில் மட்டும் சிக்கனம் கிடையாது. அதன் மூத்த தேர்வாளர் ஹால்வர்சன், நோயாளி, நர்ஸ், உறவினர் எல்லாருக்கும் தானே குரல் கொடுப்பார். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

அன்றைய கற்பனை நோயாளி, லாரி மோதிய கிழவர். காலையில் வந்த மூன்று தேர்வர்களும் ஆளுக்கொரு தடவை அவரைச் சாகவிட்டுத் தோற்றார்கள். நான்காவதாக வந்த டெஸ்ஸா ப்ரூவருக்கு இது கடைசி வாய்ப்பு. தவறினால் ஆஸ்பத்திரி வேலை போய்விடும்.

"மூச்சு முட்டுதும்மா," என்றார் ஹால்வர்சன், கிழவராக.

"பயப்படாதீங்க பெரியவரே. நெஞ்சுல குழாய் போடறேன். வலிச்சா என் கையைப் பிடிச்சுக்குங்க."

கையைப் பிடிப்பதற்கு மதிப்பெண் கிடையாது. மற்றதெல்லாம் சரியாக இருந்ததால் கிழவர் பிழைத்தார், டெஸ்ஸா தேறினாள். ஆனால் முடிவை அங்கேயே சொல்வது விதிக்கு விரோதம்.

"பிழைச்சிட்டாரா சார்?"

"நேரம் முடிஞ்சுது டாக்டர். கிளம்பலாம்."

அவள் போனதும் வரவேற்பறைப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், உங்க ரூம்லேருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்திருக்காரு. நெஞ்சுல ஏதோ குழாய் தொங்குது. வீட்டுக்குப் போக டாக்சி வேணுங்கிறாரு. கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க," என்றார் ஹால்வர்சன்.

காலையில் செத்த மூன்று கிழவர்களும் இன்னும் அறையை விட்டு வெளியே போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை கழுவ எழுந்தவர், சாத்தியிருந்த குளியலறைக் கதவின் முன்னால் நின்றார். அடுத்த தேர்வர் வந்து வாசல் மணியை அடிக்கும்வரை அங்கேயே நின்றார்.