மேல் வீட்டுச் சத்தம்

"மேல் வீட்டுல இருக்கிறது மனுஷங்களே இல்ல தம்பி, மாட்டுக்கூட்டம்!" என்றார் செல்லதுரை. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு அடுக்குமாடியில் அவருக்கு எட்டாவது மாடி.

சீலிங் காண்ட்ராக்டர் ஷாஹித் அளவெடுத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

"புது சீலிங்கைத் தாங்குற கம்பியை நேரா மேல் கான்க்ரீட்ல மாட்டினா, சத்தமும் கம்பி வழியாவே சீலிங்குக்கு இறங்கிடும் அங்கிள். நடுவுல ரப்பர் வச்ச கொக்கி போட்டுத் தொங்கவிட்டா ரொம்பக் குறையும்."

"அதையே போடு. நாற்காலியை இழுக்குதுங்க, குதிக்குதுங்க. அடுக்குமாடியில வாழத் தெரியாத ஜென்மங்க லா!"

"நேர்ல போய்ச் சொல்லிப் பாத்தீங்களா?"

"அதுங்ககிட்டயா? சொன்னாப் புரியுற மூளை இருந்தா ஏன் இந்த ஆட்டம் ஆடுதுங்க?"

அவர் மனைவி இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடு தம்பி," என்றார் செல்லதுரை. "மிக்ஸியில அரைச்ச பொடியை நான் தொடவே மாட்டேன். தினமும் விடியறதுக்கு முன்னாடி, இரும்பு உரலைத் தரையில வச்சு நானே இடிச்சிடுவேன். கைக்கும் எக்சர்சைஸ்."

ஷாஹித் இட்லியைப் பொடியில் தொட்டவர், வாயில் வைக்காமல் ஒரு கணம் அவரையே பார்த்தார்.

"என்ன தம்பி, காரமா? சரி, எப்ப வேலையை ஆரம்பிக்கலாம்?"

"அடுத்த வாரம் அங்கிள். இந்த வாரம் உங்க கீழ் வீட்டுல இதே ரப்பர் கொக்கி வேலைதான் ஓடுது."

"கீழ் வீட்டுலயா? அவங்களுக்கு எதுக்கு?"

"மேல ஒரு மாட்டுக்கூட்டம் இருக்காம் அங்கிள். விடியறதுக்குள்ள தரையில எதையோ போட்டு இடிக்குதாம்."