பதுவையிலிருந்து திரும்பும் டிக்கெட்

அண்ணன் கிளென், மலேசியாவில் போர்ட்டிக்சன் ஊர்க் கடலில் காணாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோணியார். இத்தாலியில் அவர் கல்லறை இருக்கும் பதுவைக்கே வருவதாக அம்மா நேர்ந்துகொண்டார்.

வெனிஸ் வரை பிளேன். அங்கிருந்து பதுவைக்குப் போய்வர, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயில்தான் மலிவு. முக்கால் மணி நேரப் பயணம். நேற்று ராத்திரி ராசா என்னும் எங்கள் ஊரில், வீட்டில் உட்கார்ந்து, போனில் நான்தான் டிக்கெட் எடுத்தேன்.

"திரும்பி வர்றதுக்கு மூணு போடு, ஜூலி."

"நாம ரெண்டு பேருதானமா போறோம்."

"அப்ப கிளென் எப்படி வருவான்?"

போக இரண்டு, வர இரண்டு என்றே போட்டேன். டிக்கெட் வந்தது. போவதற்கு அம்மா பெயர் ஃபிளோரா, என் பெயர் ஜூலியானா. திரும்புவதற்கு ஃபிளோரா, கிளென்.

கேன்சல் செய்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடி எடுத்தேன். அதேதான் வந்தது.

"மா, வர்றதுல என் பேரு இல்லமா."

அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். அண்ணன் பெயரை விரலால் தொட்டார்.

"மாத்தட்டுமா?"

அம்மா என் தலையைத் தடவினார். "இருக்கட்டும் லா," என்றார். "போய்ப் படு."

இப்போது மறுநாள் ராத்திரி மணி இரண்டு. எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று மூன்று வேளையும் அம்மா எனக்குப் பிடித்ததையே சமைத்தார்.