கட்டில் ராஜா

“சுத்தச் சோம்பேறி எலி மேடம் இது. நேத்து வரைக்கும் சர்க்கரை உருண்டைக்காக ஐம்பது தடவை விசையை அழுத்துச்சு. இன்னிக்கு ரெண்டே தடவை. படுத்துக்கிச்சு.”

ஆய்வகத்தில் உதவிக்கு இருந்த பெண் சிரித்தாள். பேராசிரியை சிரிக்கவில்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது.

எலியின் பாதத்தில் ஊசி போட்டு உண்டாக்கிய வீக்கம். அதன் மூளைக்குள் மயிரிழை போல ஒரு கம்பி. ‘எழுந்திரு, போய் எடு’ என்று உடம்பை உந்துகிற நரம்பு செல்கள் துடிக்கும்போதெல்லாம் திரையில் ஒரு கோடு விழும். நேற்று நெருக்கியடித்து விழுந்த கோடுகள், இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக.

“சோம்பேறின்னு சொல்லாதேம்மா. வீக்கம் கால்லதான். ஆனா அந்த வலி மூளை வரைக்கும் போய் ஆசையையே அடக்கிடுது. எழுந்திருக்கணும்னே தோணாது, பாவம்.”

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

பழைய வீட்டின் பின்னறை. ஜன்னலோரக் கட்டில். அதில் படுத்து ரேடியோ கேட்கும் அண்ணன். அவனுக்குப் பதினைந்து, அவளுக்கு ஒன்பது. தண்ணீர் தூக்கக் கூப்பிட்டால் வர மாட்டான். பந்தாடக் கூப்பிட்டாலும் வர மாட்டான். அம்மா வாய் ஓயாமல் திட்டுவாள். அப்பா அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

“கட்டில் ராஜா வராரு, வழி விடுங்க” என்று இவளும் ராகம் போட்டுப் பாடியிருக்கிறாள். அவன் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கொஞ்சம் நகர்ந்து, பாட்டுக் கேட்க அவளுக்கும் கட்டிலில் இடம் விடுவான்.

மூட்டுவாதம் என்று டாக்டர் கண்டுபிடித்தபோது அவனுக்கு முப்பது வயது.

வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

“அண்ணா, உனக்கு முட்டி வீக்கம் எப்பலேருந்து?”

“என்ன பாப்பா திடீர்னு? முப்பது வயசுல டாக்டர் சொன்னாரே.”

“டாக்டர் சொன்னதைக் கேக்கல. உனக்கு எப்பத் தெரியும்?”



“பதினாலு இருக்கும். காலையில பன்னு மாதிரி வீங்கியிருக்கும். நீள பேன்ட்டுக்குள்ள மறைச்சுக்குவேன்.”

“எல்லாரும் அந்தத் திட்டு திட்டினோமே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாங்கல்ல?”

“போயிருப்பாங்க. நடக்கவே கூடாதுன்னு மாசக்கணக்குல படுக்க வச்சிருப்பாங்க.”

“வச்சா என்ன? எப்படியும் படுத்துத்தானே கிடந்தே.”

அவன் சிரித்தான். வயதான சிரிப்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “ஆனா ஸ்கூலுக்கு மட்டும் தினமும் என்கூட நடந்து வந்தியே? மழையிலகூட. அந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படிண்ணா?”

“வேற யாரு வருவா? துணைக்கு ஆள் இல்லேன்னா உன் படிப்பை நிறுத்திடுவேன்னு அப்பா சொல்லிட்டார். போக ரெண்டு மைல், வர ரெண்டு மைல். இருந்த தெம்பெல்லாம் அதுக்கே சரியாப் போச்சு பாப்பா.”